சிவப்பு மக் யார் மேசையில்?

டைரக்டர் சார், போன மாதம் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது பொய்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் பனீர் பக்கோடாத் தட்டு. நம் கம்பெனி மாதிரி பல கம்பெனிக்காரர்கள் கூடியிருந்த ஹால். நீங்கள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "எங்களிடம் ஒரு டெஸ்டர் இருந்தார். எதைப் பார்த்தாலும் அவருக்குச் சிவப்புதான். அவர் எழுதிய டெஸ்ட்களே கோளாறு. அவர் போனார், எல்லாம் பச்சையாகிவிட்டது." ஹால் முழுக்கச் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். நான் தட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஓசிப் பக்கோடாவை நான் விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த டெஸ்டரின் பேரை நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. சிவப்பு அக்கா என்றால் தமிழ்க்காரர்களுக்குத் தெரியும். இந்தியில் லால் அக்கா என்றால் எங்கள் ஆபீஸ் இருக்கிற ஓக்லாவில் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும்.

இந்தத் தில்லியில் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷி அவர்தான். மற்றவர்கள் சிவப்பைப் பார்ப்பதே இல்லை; சந்தேகம் இருந்தால் எந்த சிக்னலிலாவது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

கணினி வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் ஒரு பிளைவுட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு சாப்ட்வேர் எழுதுகிறோம். காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் உங்கள் போனுக்கு வருகிறதே, அந்த வேலை. சாப்ட்வேரில் எதை மாற்றினாலும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க டெஸ்ட்கள் உண்டு. கணினியே ஒரு பொய் நோயாளியை உண்டாக்கும், பொய் ரத்தம் எடுக்கும், பொய் ரிப்போர்ட்டை அனுப்பும், சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும். சேர்ந்தால் திரையில் பச்சை. சேராவிட்டால் சிவப்பு.

இப்படி நூற்றுக்கணக்கில் டெஸ்ட்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் அரை நாள் போய்விடும். அதனால் எட்டு எட்டாக ஒரே நேரத்தில் ஓட்டுவோம். எல்லா ஆபீசிலும் அப்படித்தான். ஆனால் எட்டும் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்கு கன்டெய்னர் என்று பேர். கணினிக்குள் கட்டுகிற தற்காலிக அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைத்தால் கட்டலாம், முடிந்ததும் இடித்துவிடலாம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஓர் அறை கட்டுவதுதான் முறை. நம் டைரக்டர் ஒரே ஓர் அறையைக் கட்டி எல்லாரையும் அதற்குள் தள்ளிவிட்டார். "அட்ஜஸ்ட் கர் லோ" என்றார். தில்லி மெட்ரோ பெட்டியில் 'கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்' என்று சொல்கிற வார்த்தை அது. சாப்ட்வேருக்குச் சரிப்படாது.

சரிப்படவும் இல்லை. ஒரு டெஸ்ட் நோயாளியைச் சேர்க்கும்; பக்கத்து டெஸ்ட் தன் வேலை முடிந்தது என்று அறையையே கழுவிவிடும். நோயாளி காலி. திரையில் சிவப்பு. எந்தத் தப்பும் செய்யாத டெஸ்ட் ஃபெயில். மறுபடி ஓட்டினால் அது பச்சை, வேறொன்று சிவப்பு. ஆகவே எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் வந்தது. சிவப்பு வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவது. மன்ப்ரீத் என்று ஒரு பஞ்சாபிப் பெண், என் பக்கத்து மேசை, நல்ல புரோகிராமர். அவள் சனிக்கிழமைதோறும் புதிதாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து மானிட்டரில் தொங்கவிடுவாள். அது இருந்தால் பச்சை சீக்கிரம் வருகிறது என்பது அவள் கணக்கு. டைரக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்குப் பச்சை வந்தால் போதும்.

இந்த நிலைமையில்தான் அக்கா வந்து சேர்ந்தார். நாகர்கோவில்காரர். எம்.சி.ஏ. படித்தவர். ஏற்கெனவே இரண்டு கம்பெனியில் சண்டை போட்டு வெளியே வந்தவர். கணவருக்கு மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். முதல் நாள் காலையில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மன்ப்ரீத்தின் திரை சிவப்பாக மினுங்கியது. அக்கா கை தட்டினார்.

"ஆகா, செவப்பு! வந்த அன்னிக்கே செவப்பு! நல்ல சகுனம், கேட்டியா?"

மன்ப்ரீத் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் கையெடுத்துத் தன் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

அக்காவின் பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதில் முந்திரிக்கொத்து. வீட்டில் பிடித்தது. உண்மையான தப்பு ஒன்றை எந்த டெஸ்டாவது கண்டுபிடித்துச் சிவப்பானால் ஆளுக்கொன்று கொடுப்பார். பச்சைக்குக் கிடையாது. ஒருநாள் எல்லாம் பச்சையாக இருந்தது. "இன்றைக்கு இனிப்பு இல்லையா?" என்று கேட்டேன். அக்கா ஒற்றை ஆளையும் ஊர் வழக்கப்படி மக்களே என்றுதான் கூப்பிடுவார்.

"பச்சைக்கு எதுக்கு மக்களே இனிப்பு? ஒண்ணையும் கண்டுபிடிக்கலன்னுல்லா அர்த்தம். எவனோ எதையோ மூடி வச்சிருக்கான். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். டைரக்டர், ஃபெயில் ஆன டெஸ்டைத் தானாகவே மூன்று தடவை ஓட்டும்படி மாற்றி வைத்திருந்தார்.

அக்காவின் இன்னொரு பழக்கம், பொய் நோயாளிகளுக்குத் தன் சொந்தக்காரர்களின் பேரை வைப்பது. மற்றவர்கள் 'பேஷண்ட் ஒன்று', 'பேஷண்ட் இரண்டு' என்று வைப்போம். அக்காவுக்கு அது பிடிக்காது. "பேரு இல்லேன்னா செத்தா யாருக்கு வருத்தம் வரும்?" என்பார். அதனால் தங்கசாமி மாமா, பிரேமா சித்தி, சாலமன் பெரியப்பா என்று குடும்பமே கணினிக்குள் குடியேறியது. பக்கத்து டெஸ்ட் அறையைக் கழுவும்போதெல்லாம் அக்காவின் மேசையிலிருந்து ஒரு கூக்குரல் எழும்.

"எவம்லே எங்க தங்கசாமி மாமாவக் கொன்னது?"

கீழே பிளைவுட் கடையில் அறுக்கிற மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். முதல் வாரம் ஒருவர் ஏறி வந்து, போலீசைக் கூப்பிடவா என்று இந்தியில் கேட்டார்.

தங்கசாமி மாமா நிஜமான ஆள். மார்த்தாண்டத்துப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். வந்ததும் முதல் கேள்வி இதுதான்:

"மக்கா, இன்னிக்கு நான் எத்தன தடவ செத்தேன்?"

"காலம்பறயே நாலு தடவ, மாமா."

"அடக்கம் பண்ணுனியா, இல்ல அப்படியே போட்டுட்டியா?"

மன்ப்ரீத்துக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் எட்டிப் பார்த்து, "நமஸ்தே தங்கசாமி அங்கிள், ஜிந்தா ஹை?" என்று, உயிரோடு இருக்கிறாரா என்பதை விசாரிப்பாள். அவர் அங்கிருந்து சலாம் போடுவார்.

ஒரு மீட்டிங்கில் அக்கா டைரக்டரிடம் நேராகச் சொன்னார். டைரக்டர் தில்லியிலேயே, கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்த தமிழர். அக்காவைவிடச் சின்னவர். அதனால் அக்கா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். டைரக்டருக்கு அது பிடிக்காது.

"தம்பி, ஒரே கல்யாண மண்டபத்துல எட்டு கல்யாணம் நடக்கு. ஒருத்தன் தாலி கட்டுகான். ஒருத்தன் பந்திக்கு இலை போடுகான். இன்னொருத்தன் நம்ம கல்யாணம் முடிஞ்சாச்சுன்னு பந்தலையே பிரிக்கான். பிறகு மாப்பிள்ளைய காணலன்னா யாரைக் குத்தம் சொல்ல?"

"மேடம், நெகட்டிவா பேசாதீங்க. எல்லா எடத்துலயும் பேரலல்தான். ஜல்தி வேணும், அவ்வளவுதான்."

"பேரலல் வேண்டாம்னு யாரு சொன்னா? எங்க சபையில ஞாயித்துக்கிழம முந்நூறு பேரு ஒரே நேரத்துல அவங்கவங்க ஜெபத்த சத்தம் போட்டுப் பண்ணுவாங்க. கர்த்தருக்கு எது யாரோடதுன்னு தெரியும். உங்க டேட்டாபேசுக்குத் தெரியாது. அதான் பிரச்சினை."

டைரக்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அக்கா அன்று சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆபீஸ் நடுவில் இருக்கிற பிரிண்டர் மேல் ஒரு மக் உட்கார்ந்திருந்தது. குளியலறை மக். ரத்தச் சிவப்பு பிளாஸ்டிக். கைப்பிடியில் நூல் கட்டி ஒரு மணி வேறு.

"எல்லாரும் கேளுங்க. எங்க காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ஒரு குளிமுறி. மக்கு உள்ள போயிட்டுன்னா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். இங்கயும் அதே சட்டம். இந்த மக்கு யாரு மேசையில இருக்கோ அவங்கதான் டெஸ்ட் ஓட்டலாம், அதுவும் ஒண்ணு ஒண்ணா. மத்தவங்க கைய கட்டிட்டு இருக்கணும்."

நாங்கள் சிரித்தோம். மன்ப்ரீத் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஆனால் அன்று பகலில் தங்கசாமி மாமா ஒரு தடவைகூடச் சாகவில்லை. வீடியோ காலில் அவரே நம்பவில்லை. "உண்மையாட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு மக்தான் ஆபீசை நடத்தியது. காலையில் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "மக் கிஸ்கே பாஸ் ஹை?" என்று, மக் யாரிடம் என்பதைக் கேட்பார்கள். மக்குக்கு வரிசை நின்றது. சமோசா வாங்கிக் கொடுத்து முறையை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பேர் மக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் மணி அறுந்தது. வேலை மெதுவாக நடந்தது, உண்மைதான். ஆனால் பச்சை நின்று நிலைத்தது. அதனால் டைரக்டருக்கும் மக் பிடித்துப்போனது. வெளியாட்களை அழைத்து வந்து, "இது எங்க ப்ராசஸ்" என்று காட்டினார். அவர்கள் மக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று ஒரு முக்கியமான ரிலீஸ்; மாற்றிய சாப்ட்வேரை நிலையங்களுக்கு அனுப்புகிற நாள். காலையில் பார்த்தால் மக் இல்லை. பிரிண்டர் மேல் இல்லை, எந்த மேசையிலும் இல்லை. அக்கா லீவு. முந்தின நாள் சாயங்காலம் அவர்தான் கடைசியாக டெஸ்ட் ஓட்டினார். சாப்பாட்டு டப்பா பையில் ஆடாமல் இருக்க மக்குக்குள் வைத்து, அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்; பார்த்த மன்ப்ரீத்துக்கு அது காலையில்தான் நினைவு வந்தது. அக்காவுக்கு போன் போட்டால் சர்ச்சில் யாருக்கோ கல்யாணம், போன் அணைந்திருக்கிறது.

முழு ஆபீஸும் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தரும் டெஸ்ட் ஓட்டத் துணியவில்லை.

"வேற ஒரு மக் வாங்கிட்டு வாங்க," என்றார் டைரக்டர்.

"சார், அந்த மக் அக்கா ஜி வீட்டில் இருக்கு. முறை இன்னும் அவங்களோடது," என்றாள் மன்ப்ரீத் இந்தியில். "நாம புதுசா வாங்கினா அது வெறும் மக்."

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் சொன்னதை ஒருத்தரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

டைரக்டர் பொறுமை இழந்து, "ஓட்டுங்கப்பா யாராவது!" என்று கத்தினார். யாராவது என்றதால் நாலு பேர் ஒன்றாக ஓட்டினார்கள். தங்கசாமி மாமா, பிரேமா சித்தி, சாலமன் பெரியப்பா என்று குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். நான் அக்காவின் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தபின் அண்ணன் எடுத்தார். அக்காவின் கணவர். அதிராமல் பேசுகிற மனிதர்.

"அண்ணே, வீட்டுல ஒரு சிவப்பு மக் இருக்கா?"

"இருக்கே தம்பி. அதுலதான் குளிச்சிட்டு இருக்கேன்."

"அண்ணே, அது எங்க ஆபீஸ் மக்."

கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "சோப்பு போட்டாச்சு தம்பி. தண்ணி ஊத்திட்டு வரட்டா?"

வந்தார். மினிஸ்ட்ரிக்குப் போகிற உடுப்பில், தலை ஈரம் காயாமல், ஆட்டோவில், மடியில் ஈர மக்கை வைத்துக்கொண்டு. வாசலில் நின்று, "இது இல்லாம உங்க கம்பெனி ஓடாதாமே?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார். மன்ப்ரீத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அக்கா வந்ததும் எல்லாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தோம். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவர்.

"மக்கு வச்சது மடத்தனம், கேட்டியா. மண்டபத்தப் பூட்டிச் சாவிய ஒருத்தி கையில குடுத்தா, அவ சாவியோட வீட்டுக்குப் போவா. பூட்டு பரிகாரம் இல்ல. ஆளுக்கொரு மண்டபம் கட்டணும்."

கட்டினார். டைரக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பெரிய மெஷின் வேண்டும் என்று இழுத்தடிப்பார். இருக்கிற மெஷினிலேயே சின்னச் சின்னதாக எட்டு அறை. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் தன் அறையை மட்டும் இடித்துவிட்டுப் போகவேண்டும். அடுத்தவன் அறைக் கதவைத் தட்டக்கூட முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா, மன்ப்ரீத், நான். எனக்கு விழுந்த திட்டுகளை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். "சவத்து மூதி" என்பது அதில் மிகவும் மரியாதையானது.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தோம். எட்டு வரிசையும் ஒரே நேரத்தில் ஓடியது. ஒரே பச்சை. திரையில் வயல்காடு மாதிரி. மன்ப்ரீத் எழுந்து, மானிட்டரிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அப்போது ஒரு மூலையில் ஒரே ஒரு சிவப்பு வந்தது.

மன்ப்ரீத் குனிந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து கத்தினாள்: "அக்கா ஜி! தங்கசாமி அங்கிள் ப்ரெக்னன்ட்!"

பழைய டெஸ்ட்தான். அந்த ஒரு டெஸ்டுக்குள்ளேயே இரண்டு நர்ஸ்கள் ஒரே நொடியில் இரண்டு ரிப்போர்ட்டை அனுப்புவார்கள். தங்கசாமி மாமாவுக்குச் சர்க்கரை ரிப்போர்ட், பிரேமா சித்திக்குக் கர்ப்ப ரிப்போர்ட். எப்போதாவது ஒரு தடவை இரண்டும் இடம் மாறும். முன்னாலும் மாறியிருக்கிறது. அப்போதெல்லாம் பொது அறையில் எவனோ கை வைத்துவிட்டான் என்று சிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். இப்போது அறையில் வேறு யாருமே இல்லை.

அக்கா டப்பாவை எடுத்தார். ஆளுக்கு இரண்டு முந்திரிக்கொத்து கொடுத்தார். அப்படி இரண்டாகக் கொடுத்தது அன்று மட்டும்தான்.

"இனி சாக்கு கிடையாது பாத்துக்க. தப்பு நம்ம சாப்ட்வேர்ல இருக்கு. நாளைக்கு நெசமாவே எவனோ ஒரு மாமா கையில இந்தக் கடுதாசி போகும்."

டைரக்டர் வந்து பார்த்தார். பச்சை வயலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மூலையைப் பார்த்ததும் சுருங்கியது.

"மேடம், சூப்பர். இந்த ஒண்ண மட்டும் ஸ்கிப் பண்ணிடுங்க. மண்டே ரிலீஸ்."

"இதுக்காகத்தான் தம்பி இவ்வளவும் பண்ணினது. இதச் சரி பண்ணிட்டு ரிலீஸ் விடுவோம். ஒரு வாரம் போதும்."

"க்ளையன்ட் வெயிட் பண்றாங்க. உங்க டெஸ்ட்தான் சரியில்ல. சம்டைம்ஸ் ரெட், சம்டைம்ஸ் க்ரீன். ஃபால்ட் அதுல இருக்கு."

"ஒரு வீட்டுல எப்பவாவதுதான் பாம்பு வருது. அப்ப பாம்பு இல்லன்னு சொல்லுவியளா?"

"நான் சொல்றேன், ஸ்கிப் பண்ணுங்க."

"என் கையால பண்ண மாட்டேன்."

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அக்காவுக்கு வேலை இருந்தால் தில்லியில் வாடகைக்கு வீடு பார்க்கலாம். இல்லாவிட்டால் ஊருக்குப் போகவேண்டியதுதான். அக்காவுக்கு ஊருக்குப் போக இஷ்டமே இல்லை. "அங்க போனா தங்கசாமி மாமாவ தெனமும் நேர்லல்லா பாக்கணும்" என்பார். டைரக்டருக்கும் இது தெரியும். அக்காவின் கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதும் தெரியும். அதையும் சொன்னார். அக்கா டப்பாவை மூடினார்.

அந்த டெஸ்டை டைரக்டரே ஸ்கிப் செய்தார், அதாவது ஓடாதபடி ஒதுக்கி வைத்தார். யார் எதை மாற்றினார்கள் என்பது எங்கள் கணினியில் பேரோடு பதிவாகும். சார், உங்கள் பேர் அங்கே இருக்கிறது; இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன். திங்கட்கிழமை ரிலீஸ் போனது. மாதக் கடைசியில் அக்காவும் போனார். காரணம் 'நெகட்டிவ் ஆட்டிட்யூட்'. போகும்போது மக்கை என் மேசையில் வைத்தார். "வச்சுக்க மக்களே, இனி உனக்கு இது தேவைப்படாது" என்றார். தேவைப்படாததை ஏன் கொடுக்கிறார் என்று கேட்டேன். "அதுக்காகக் குப்பையிலயா போட முடியும்? நல்ல மக்குலே" என்றார்.

அவர் போய்க் கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் எங்களுக்கு இணைப்புக் கொடுத்தது. பேசியவர் மத்திய அரசிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், தமிழர். வார்த்தைக்கு வார்த்தை நிதானமாகப் பேசினார்.

"தங்கள் ரிப்போர்ட் கிடைக்கப்பெற்றேன். நான் கர்ப்பமாக இருப்பதாகக் கண்டிருக்கிறது. என் வயது எழுபத்தொன்று. ஆண். இது சாத்தியமில்லை என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் தங்கள் ஆய்வகத்தின் முடிவை மறுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. மேல்முறையீட்டை யாருக்கு விலாசமிட வேண்டும்?"

சிரித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினேன். ஏனென்றால் அவருடைய சர்க்கரை ரிப்போர்ட் இன்னொரு பக்கம் ஒரு பெண்ணுக்குப் போயிருந்தது. தலைப்பிள்ளைக்காரி. பயந்துபோய்ச் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அவள் கணவர் போனில் என்னைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டேன். அதை வேடிக்கையாக எழுத எனக்கு வராது.

பிறகு என்ன நடந்தது? டைரக்டர் அக்காவின் டெஸ்டை ஸ்கிப்பிலிருந்து வெளியே எடுத்தார். அதை வைத்தே தப்பைத் தேடினோம். அக்கா சொன்ன ஒரு வாரம்கூட ஆகவில்லை. மன்ப்ரீத் கண்டுபிடித்துச் சரி செய்தாள். டெஸ்ட் பச்சையானது. இன்றுவரை பச்சை. அக்கா கட்டிய எட்டு அறைகளில்தான் இன்றைக்கும் எங்கள் டெஸ்ட்கள் ஓடுகின்றன.

ஆக, 'அவர் போனார், பச்சையாகிவிட்டது' என்பது நடந்த வரிசைப்படி சரி. மழை பெய்தது, டைரக்டர் குடை பிடித்தார், மழை நின்றது என்று சொல்வது மாதிரி.

இத்தனை நாள் சும்மா இருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அக்காவுக்கு நொய்டாவில் ஒரு வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அந்தக் கம்பெனிக்காரர் அன்று அதே ஹாலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர். மறுநாளே அக்காவைக் கூப்பிட்டு, "அவர் சொன்ன டெஸ்டர் நீங்கள்தானா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். "பிறகு பேசுகிறோம்" என்றார்களாம். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அண்ணன் இந்த மாதம் ரிட்டயர் ஆகிறார்.

இந்தப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று நேற்று அக்காவிடம் போனில் சொன்னேன்.

"வேண்டாம் மக்களே. அந்தத் தம்பிக்க அம்மா அந்தப் பத்திரிகைய வரி விடாம படிக்கும்னுல்லா அவனே பொங்கல் அன்னிக்குச் சொன்னான். பாவம், வருத்தப்படும்."

"அதுக்காகத்தான் அக்கா அந்தப் பத்திரிகைக்கு எழுதுறேன்."

பிறகு, "எழுதுனா தங்கசாமி மாமா சொகமா இருக்காருன்னும் போடு. நாலு எடத்துலயாவது அவரக் கொன்னுருப்ப" என்றார்.

மாமா சுகமாக இருக்கிறார். போட்டுவிட்டேன்.

சார், உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பரவாயில்லை. பத்திரிகை வந்ததும் உங்கள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை உரக்கப் படிப்பார்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள். கேள்வி ஒன்றுதான். அந்தச் சிவப்பு உண்மையா, பொய்யா? என்னைத் தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லவேண்டாம். எந்த மேடையில் சிரித்தீர்களோ அந்த மேடையில், அதே மைக்கில், மூன்றாவது வரிசைக்குக் கேட்கும்படி, அக்காவின் முழுப் பேரையும் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் மக் என் மேசையில்தான் இருக்கும். நம் ஆபீஸ் சட்டப்படி முறை என்னுடையது. நீங்கள் சொல்லி முடித்த அன்றைக்கே அதைக் கழுவித் துடைத்து லக்ஷ்மிபாய் நகரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், சார். அண்ணன் சொம்பில் குளித்துக்கொண்டிருக்கிறார்.